எபேசுவோடு திரும்பிவிடாதீர்கள்

தமிழ்நாட்டிலிருந்து துருக்கிக்குக் குழுக்களை அழைத்துச் செல்லும் சுற்றுலா அமைப்பாளர்களுக்கு,

வணக்கம்.

உங்களில் பலருடைய பயணத் திட்டம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கிறது. இஸ்தான்புல், கப்படோக்கியா, பாமுக்காலே, நடுவில் ஈஜியன் கடற்கரைக்கு ஒரே ஒரு நாள். அந்த நாளில் காலை எபேசு என்ற பழைய நகரம், மதியம் தோல் ஆடைக் கடை. எபேசுவை யாரும் விடாமல் காட்டுகிறீர்கள், அதற்கு உண்மையாகவே நன்றி. செல்சஸ் நூலகத்தின் முகப்புக்கு முன்னால் நிற்கும் அனுபவத்தை எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் கொடுத்திருக்கிறீர்கள். இந்த மடல் எபேசுவுக்கு அப்புறம் வரவேண்டிய ஒரு நாளைப் பற்றியது. பிரியேனே, மிலேத்து, திதிமா ஆகிய மூன்று பண்டைய கிரேக்க இடங்களுக்கும் சேர்த்து ஒரு முழு நாள் ஒதுக்குங்கள் என்பதே என் கோரிக்கை.

நான் சென்ற குழுவைத் தோல் கடையில் எபேசுவில் இருந்த அளவு நேரம் உட்காரவைத்தார்கள். வாங்க விருப்பமில்லாதவர்களும் வெளியே போக வழியில்லாமல் காத்திருந்தார்கள். கடை தரும் கமிஷன் இல்லாமல் பயணக் கட்டணம் கட்டுப்படியாகாது என்று நீங்கள் சொல்லலாம். அப்படியானால் கட்டணத்தைக் கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்கள். பல ஆண்டு சேமிப்பைப் போட்டு, வாழ்நாளில் ஒரு முறை அவ்வளவு தூரம் வருகிறவர்களின் நேரம் அது.

குழுப் பயணம் முடிந்தபின் நாங்கள் சிலர் எபேசுவுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரான குஷாதாசியில் தங்கி, உரிமம் பெற்ற உள்ளூர் வழிகாட்டி ஒருவருடன் அந்த மூன்று இடங்களுக்கும் போய் வந்தோம். காலையில் கிளம்பினால் மாலைக்குள் திரும்பிவிடலாம். குஷாதாசியிலிருந்து பிரியேனே ஒரு மணி நேரத்துக்கும் குறைவான பயணம். அடுத்தடுத்த இடங்களும் பக்கத்தில்தான்.

பிரியேனேவில் தொடங்குவது முக்கியம். மிக்காலே மலைச்சரிவில் இருக்கும் இந்த ஊரிலிருந்து கீழே பார்த்தால் கண்ணுக்கெட்டிய வரை சமவெளி, பெரும்பாலும் பருத்தி வயல். அங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது. மெண்டெரெஸ் ஆறு ஆண்டுக்காண்டு கொண்டுவந்து கொட்டிய வண்டல் வளைகுடாவையே மூடிவிட்டது. முதலில் பிரியேனேவின் துறைமுகம் போனது, பிறகு மிலேத்துவின் துறைமுகங்களும் போயின. இதை மேலிருந்து ஒரு முறை பார்த்துவிட்டால் அந்த நாள் முழுக்கப் பார்ப்பதெல்லாம் புரிந்துவிடும். கடல் போனதால் வணிகம் போயிற்று, சதுப்பு நிலம் வந்தது, ஊர்கள் ஆளில்லாமல் ஆயின. எபேசுவுக்கும் வேறொரு ஆற்றால் இதே கதிதான்.

கிரேக்க நகரம் என்றால் என்ன என்பதைக் கண்ணால் பார்க்கவும் பிரியேனேதான் சரியான இடம். எபேசுவில் இன்று நாம் பார்ப்பது பெரும்பாலும் ரோமானியர் காலத்தது. பிரியேனே சிறிய ஊர் என்பதால் ரோமானியர்கள் அங்கே அதிகம் கட்டவில்லை. செங்குத்தான சரிவிலும் விடாப்பிடியாக நேர்க்கோட்டில் வகுத்த தெருக்கள், ஊர் மன்றம், அரங்கின் முன்வரிசையில் சிங்கப்பாதம் வைத்த பளிங்கு இருக்கைகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. அத்தேனா கோயிலை அர்ப்பணித்தது மன்னன் அலெக்சாந்தர் என்று சொல்லும் கல்வெட்டு மட்டும் இப்போது லண்டனில், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

மிலேத்துவுக்கு வந்ததும் வழிகாட்டிகள் கிரேக்கத் தத்துவ ஞானி தாலஸ் பெயரைச் சொல்வார்கள். சொல்லட்டும், இயற்கையைப் புராணக் கதை இல்லாமல் விளக்கப் பார்த்த முதல் சிந்தனையாளர்களின் ஊர் அது. ஆனால் தாலஸ் பார்த்த மிலேத்துவைப் பாரசீகர்கள் கி.மு. 494-இல் அழித்துவிட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். நாம் பார்க்கும் பெரிய அரங்கும் ஃபவுஸ்தினா குளியலகமும் அதற்கு வெகு காலம் பிந்தியவை. ஊர் அழிவதற்குக் காரணமான கடற்போர் லாதே என்ற தீவருகே நடந்தது. அந்தத் தீவு இன்று வயல்களுக்கு நடுவே ஒரு மேடு! அரங்கின் மேல்படியில் நின்று அதைக் காட்டச் சொல்லுங்கள். நகரத்தின் பிரம்மாண்டமான சந்தை வாசல் பெர்லினுக்குப் போய்விட்டது என்பதையும் மறைக்க வேண்டாம்.

திருச்சபைகளுக்காகப் பயணம் நடத்துகிறவர்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். எபேசுவில் வெள்ளித் தட்டார்கள் கிளப்பிய கலகம் நடந்த அரங்கைக் காட்டுகிறீர்கள். அப்போஸ்தலர் நடபடிகளில் அடுத்த அதிகாரத்திலேயே பவுல் மிலேத்துவுக்கு வந்து, எபேசுவின் மூப்பர்களை வரவழைத்து விடைபெறுகிறார். இனி அவர் முகத்தைப் பார்க்க மாட்டோம் என்று அவர்கள் அழுது, கப்பல் வரை வழியனுப்பினார்கள். அந்தக் கப்பல் நின்றிருக்கக்கூடிய துறை இப்போது தரையாகிவிட்டது. இதைப் படித்தே வளர்ந்தவர்களை அவ்வளவு பக்கத்தில் கொண்டுபோய்விட்டு மிலேத்துவைக் காட்டாமல் திரும்புவது எனக்கு மனதே ஒப்பாத காரியம்.

நாளின் முடிவில் திதிமா. கிரேக்கக் கடவுள் அப்போலோவின் கோயில், குறி கேட்க மக்கள் வந்த இடம். ஏறக்குறைய இருபது மீட்டர் உயரத் தூண்கள், நூற்றுக்கும் மேல் திட்டமிட்டிருந்தார்கள். முழு உயரத்துக்கு இன்று நிற்பவை மூன்றுதான். பல நூற்றாண்டுகள் வேலை நடந்தும் கோயில் முடியவில்லை. முடியாமல் போனதால்தான் நமக்கு ஒரு பெரிய கொடை கிடைத்தது. லோதார் ஹாசல்பெர்கர் என்ற ஜெர்மானிய ஆய்வாளர் 1979-இல் உள்சுவர்களில் மிக மெல்லிய கீறல்களைக் கவனித்தார். அவை கோயிலைக் கட்டியவர்களின் வரைபடங்கள். தூணின் அளவுகள், அதன் நடுப்பகுதியில் வரவேண்டிய லேசான புடைப்பு எல்லாம் சுவரிலேயே வரையப்பட்டிருந்தன. கடைசி மெருகு போட்டிருந்தால் அவ்வளவும் அழிந்துபோயிருக்கும். ஒரு கட்டடத்தைக் கணக்குப் போட்ட கைகளை இவ்வளவு நெருக்கத்தில் வேறெங்கும் நான் உணர்ந்ததில்லை. பெரும்பாலான குழுக்கள் வாசலில் பாம்புக் கூந்தல் கொண்ட மெதூசாவின் கல் தலையோடு படமெடுத்துக்கொண்டு போய்விடுகின்றன. குறுகிய சுரங்க வழியாக இறங்கி உள்முற்றத்துக்குப் போக வேண்டும், அங்கே அரை மணி நேரமாவது விட வேண்டும்.

சில நடைமுறை விஷயங்கள். பிரியேனேவில் வண்டி நிற்கும் இடத்திலிருந்து நல்ல ஏற்றம், பழைய கற்கள் வழுக்கும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இதை முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள், திட்டத்தாளிலும் எழுதுங்கள். மிலேத்துவில் நிழல் குறைவு. குளிர்காலத்திலும் வசந்தத்தின் தொடக்கத்திலும் தாழ்வான பகுதிகளில் தண்ணீர் தேங்கும். நம் பள்ளி விடுமுறை வரும் ஏப்ரல் பிற்பகுதியும் மே மாதமும் நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் கூட்டிப் போவதானால் காலை சீக்கிரம் கிளம்புங்கள். துருக்கியில் உரிமம் பெற்றவர்கள்தான் வழிகாட்டியாக இருக்க முடியும் என்பதால் ஆளை முன்கூட்டியே பேசிவையுங்கள், இந்த மூன்று இடங்களையும் நன்றாக அறிந்தவரா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். கூட வரும் நம் ஊர் ஒருங்கிணைப்பாளர், வழிகாட்டி சொல்வதைத் தமிழில் சுருக்காமல் சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் ஆங்கிலம் தெரியாத பெரியவர்களுக்குப் பாதிக் கதை போய்ச் சேரவே இல்லை.

எல்லாக் குழுவுக்கும் இதைக் கட்டாயமாக்கச் சொல்லவில்லை. விருப்பமுள்ளவர்கள் தனிக் கட்டணம் கட்டிச் சேரும் நாளாகவாவது அடுத்த விடுமுறைக்கான திட்டத்தில் வைத்துப் பாருங்கள். எத்தனை பேர் கை தூக்குகிறார்கள் என்று தெரிந்த பிறகு மற்றதை முடிவு செய்யலாம்.

அன்புடன்,
உங்கள் பயணிகளில் ஒருவர்