ஓஷன் குரோவ் மண்டபம்: ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த மரக் கட்டடங்கள் பற்றிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். பத்மநாபபுரம் அரண்மனைப் பகுதி நிறைவாக இருந்தது. ஆனால் போகிறபோக்கில் ஒரு வரி: அமெரிக்காவில் மரம் வீடு கட்டத்தான் பயன்பட்டது, ஆயிரக்கணக்கானோர் கூடும் மண்டபத்தை அங்கே யாரும் மரத்தில் கட்டவில்லை என்று. அது சரியல்ல. நியூஜெர்சியில் மகள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அப்படியொரு மண்டபத்தில் போய் உட்கார்ந்துவிட்டு வருகிறவன் நான்.

ஊர் பெயர் ஓஷன் குரோவ். நியூயார்க்கிலிருந்து தெற்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டர், அட்லாண்டிக் கரை. 1869 ஜூலை 31 அன்று மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபைப் பிரிவின் போதகர்களும் நண்பர்களுமாகச் சிலர் அங்கே கூடாரமடித்து, மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஜெபம் பண்ணியதில் தொடங்கிய ஊர் அது. வில்லியம் ஆஸ்பார்ன், எல்வுட் ஸ்டோக்ஸ் என்ற இரு போதகர்கள் முன்னின்றார்கள். நம் பக்கத்துக் கன்வென்ஷன் பந்தலைப் போலத்தான்: கோடையில் சில நாள் கூட்டம், பிறகு கலைந்துவிடும். கூட்டம் பெருகப் பெருகப் பழைய கொட்டகைகள் போதாமல் போயின. ஸ்டோக்ஸ் பெரிதாக ஒன்று கட்டியே தீர வேண்டும் என்று நின்றார். 1894இல் எழுந்தது ‘கிரேட் ஆடிட்டோரியம்’. கட்டி முடிக்க 92 நாள்தான் ஆனதாம். கட்டடக் கலைஞர் பெயர் பிரெட் கேம்ப்! முகாம் மைதானத்துக்கு மண்டபம் கட்டியவருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வாய்க்காது.

இந்த இடத்தில் என்னையும் நான் திருத்திக்கொள்ள வேண்டும். முதன்முறை பார்த்தபோது முழுக்க மரம் என்றுதான் நினைத்தேன். இல்லை. கல் அடித்தளத்தின்மேல் ரயில் பாலத்துக்குப் போடுவதுபோன்ற இரும்புச் சட்டங்கள் நிற்கின்றன. 161 அடி அகலத்தை அவைதான் தாண்டுகின்றன. அதனால்தான் நடுக்கூடத்தில் உட்காருகிறவருக்குத் தூண் மறைப்பதில்லை. சுவர், கதவு, கூரையின் உட்புறம் எல்லாம் மரப்பலகை. வளைந்து போகும் அந்தப் பலகைக் கூரைதான் குரலைக் கடைசி வரிசைவரை கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் ஏறத்தாழ 10,000 பேர் உட்காரக் கட்டிய இடம். பேசுகிறவருக்குக் கூரைதான் துணை. இப்போது மெத்தை வைத்த நாற்காலிகள் போட்டதில் எண்ணிக்கை 6,250 அளவில் நிற்கிறது. சௌகரியம் எங்கே வந்தாலும் இடத்தைத் தின்னும்.

சுற்றிலும் மாட்டுத்தொழுவக் கதவுகள்போல் அகன்ற கதவுகள். அத்தனையும் திறந்துவிட்டால் கடற்காற்று உள்ளே வரும். குளிர்காலத்துக்குச் சூடேற்றும் வசதி கிடையாது. கோடைக்கு மட்டுமே கட்டியது. அந்த வகையில் இது மரத்தில் செய்த கூடாரமே. நிஜமான கூடாரங்களும் பக்கத்தில் இன்னும் உண்டு, மொத்தம் 114. முன்பக்கம் கித்தான் துணி, பின்பக்கம் அடுப்படி, குளியலறையோடு சின்ன மரக் கொட்டில். ஒன்று வாடகைக்குக் கிடைக்க ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

மேடைக்கு மேலே விளக்கு எழுத்துகளில் ‘கர்த்தருக்குப் பரிசுத்தம்’, ‘பரிசுத்தராயிருங்கள்’ என்ற வசனங்கள் ஆங்கிலத்தில் மின்னும். அவற்றுக்குக் கீழே பைப் ஆர்கன், குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கவைக்கும் பெரிய வாத்தியம். 1908இல் அதைச் செய்த ராபர்ட் ஹோப்-ஜோன்ஸ் இங்கிலாந்துக்காரர். தொலைபேசிக் கம்பெனியில் மின் பொறியாளராக இருந்தவர். இரண்டே ஆண்டில் வாத்தியங்கள் செய்யும் வுர்லிட்சர் நிறுவனத்தில் சேர்ந்துவிட்டார். ஊமைப்படக் கொட்டகைகளில் ஒலித்த ஆர்கன்கள் அவர் வழியில் வந்தவைதான். கேளிக்கை கூடாது என்று ஒதுங்கி வாழ்ந்த ஊரின் வாத்தியத்துக்கும் சினிமாக் கொட்டகைக்கும் இப்படியொரு சொந்தம்!

ஊரின் கெடுபிடியையும் சொல்லியாக வேண்டும். அந்தக் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை தெருவில் வண்டி ஓடக் கூடாது, ஊர் வாசலில் சங்கிலி போட்டிருந்தார்கள். நிலம் முழுவதும் இந்தக் கூட்டங்களை நடத்தும் மெதடிஸ்ட் சங்கத்துக்கே சொந்தம், வீட்டுக்காரர்களுக்குக் குத்தகை மட்டும். சங்கத்துக்கு இருந்த நகராட்சி அதிகாரம் 1970களின் இறுதியில் நீதிமன்றத் தீர்ப்புகளால் போயிற்று. மண்டபத்தின் அழகைப் பேசுகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. ஒரே சங்கம்தான் இரண்டையும் செய்தது.

2012 அக்டோபரில் சாண்டி புயல் கூரையின் ஒரு பகுதியைப் பிய்த்தெறிந்தது. மறுபடியும் மூடிச் சரிசெய்து கூட்டங்களைத் தொடர்ந்தார்கள்.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிட்டால் மகிழ்வேன். படமும் போடுவதாக இருந்தால், கோடையில் கதவுகளெல்லாம் திறந்திருக்கும்போது எடுத்த படமாகப் பார்த்துப் போடுங்கள். மூடியிருக்கும் படத்தில் பெரிய கிட்டங்கி போலத்தான் தெரியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர்,
நாகர்கோவில்