பழைய காருக்கும் ஒரு பம்ப் ஒதுக்குங்கள்

மத்திய பெட்ரோலிய அமைச்சகத்துக்கு,

வணக்கம். நான் ஓட்டுவது கார்புரேட்டர் வைத்த பழைய மாருதி 800. 1983 டிசம்பரில் ரோட்டுக்கு வந்து 2014 ஜனவரி வரை தயாரான வண்டி. 796 சிசி, மூன்று சிலிண்டர். காலம் தவறாமல் ஆயில், டைமிங் பெல்ட் மாற்றி, ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் ஊற்றாமல் கூலண்ட் ஊற்றி வந்தால் பெரிய செலவு வைக்காது. எந்த ஊர் மெக்கானிக்குக்கும் அதன் கை, கால் தெரியும். இன்னொரு கார் வாங்க வசதியில்லாத எத்தனையோ குடும்பங்கள் இதை நம்பித்தான் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் போய் வருகின்றன.

இப்போதைய கவலை டேங்கில் ஊற்றும் இ-20 பெட்ரோல், அதாவது கரும்பு போன்றவற்றிலிருந்து எடுக்கும் எத்தனால் என்ற ஆல்கஹாலை 20 சதவீதம் கலந்த பெட்ரோல். கச்சா எண்ணெய் இறக்குமதி குறையட்டும், கரும்பு விவசாயி பிழைக்கட்டும். எத்தனாலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

எத்தனாலில் ஆக்சிஜன் இருக்கிறது. கம்ப்யூட்டர் வைத்து பெட்ரோலை அளந்து விடும் புது இன்ஜெக்ஷன் வண்டியில் சென்சார் அதைக் கண்டுகொண்டு பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டிவிடும். காற்றையும் பெட்ரோலையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில் சென்சாரும் இல்லை, கம்ப்யூட்டரும் இல்லை. பெட்ரோல் வரும் ஜெட்டில் உள்ள துளை என்ன அளவோ அதுதான். கலவையில் காற்று கூடிப்போய் மேட்டில் இழுவை குறையும், காலையில் ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடிக்கும். அதைவிடப் பெரிய விஷயம் ரப்பர். வண்டிக்குள் இருக்கும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரம் என்ற ரப்பர் தகடு, ஹோஸ் எல்லாம் அந்தக் காலத்துச் சரக்கு. எத்தனால் பட்டுப்பட்டு உப்பும், பிறகு வெடிப்பு விடும். சூடான இன்ஜின் பக்கத்தில் பெட்ரோல் கசிந்தால் மைலேஜ் பற்றியா பேசுவோம்? தீப்பிடிக்குமே என்றுதான் பயப்படுவோம். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும். அதிகம் எடுக்காமல் நிற்கும் வண்டியின் டேங்கில் துரு பிடிக்கும், அந்தத் துரு ஃபில்டரை அடைக்கும்.

சில பழைய வண்டிகளில் 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடியபின் ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம், செலவு குறைவுதான் என்று 2025 ஆகஸ்டில் விளக்கம் தந்தீர்கள். சரி, மாற்றுகிறோம். ஆனால் எந்த மாடலில் எதை மாற்றுவது? கடையில் தரும் ஹோஸ் எத்தனாலைத் தாங்குமா என்று கேட்டால் கடைக்காரருக்கே தெரிவதில்லை. அப்புறம், வருடத்துக்கு 2,000 கிலோமீட்டர் ஓடும் வண்டி 20,000 தொடப் பத்து வருடம் ஆகும். அதுவரை ரப்பர் காத்திருக்காது. பழைய வண்டிக்கு ரப்பர் மாற்றும் கெடுவை வருடத்தில் சொல்லுங்கள், கிலோமீட்டரில் வேண்டாம்.

2021இல் நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையே, எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்து இ-10க்கு ட்யூன் செய்த கார்களில் இ-20 ஊற்றினால் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்றது. பழைய வண்டிகளுக்கு இ-10 தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்ற யோசனையும் அதில் இருந்தது. பிரிட்டனில் 2021 செப்டம்பரில் இ-10 வந்தபோது, பழைய கார்களுக்காக சூப்பர் பெட்ரோலில் இ-5ஐ விட்டுவைத்தார்கள்.

நாங்கள் கேட்பதும் அவ்வளவுதான். எல்லா பெட்ரோல் பங்கிலும் முடியாவிட்டால் ஊருக்கு ஒரு பங்கிலாவது ஒரு பம்பில் இ-10 தாருங்கள். ஒவ்வொரு பம்பிலும் எத்தனால் எத்தனை சதவீதம் என்று தமிழிலும் பெரிதாக எழுதி வையுங்கள். மாற்ற வேண்டிய பாகங்களின் பட்டியலை, மாடல் வாரியாக, கார் கம்பெனிகளிடம் வாங்கி வெளியிடுங்கள். அந்தப் பட்டியல் எங்கள் மெக்கானிக் கையில் இருந்தால் மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

இப்படிக்கு,
பழைய 800 ஓட்டும் ஒருவர்