டோவி சொன்னதும் நாம் சொல்வதும்: போர் வரலாற்றைத் தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

இரண்டாம் உலகப் போரைப் பற்றித் தமிழில் எழுதுகிற, காணொளி செய்கிற நண்பர்களுக்கு,

வணக்கம். ஜெர்மனியின் போர்க்கப்பல் பிஸ்மார்க்கின் கதையை நீங்கள் சொல்லும்போதெல்லாம் ஆசையாகக் கேட்கிறவன் நான். அதில் வரும் ஒரே ஒரு காட்சியைப் பற்றித்தான் இந்த மடல்.

காட்சி உங்களுக்குத் தெரியும். 1941 மே 24 காலையில் ஐஸ்லாந்துக்கும் கிரீன்லாந்துக்கும் நடுவே உள்ள டென்மார்க் நீரிணையில், பிஸ்மார்க்கோடு மோதிய பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஹூட் வெடித்துச் சிதறுகிறது. கப்பலில் இருந்த 1,418 பேரில் மூன்று பேர்தான் பிழைத்தார்கள். உடன் வந்த பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் சிறிது நேரத்தில் புகைத்திரை போட்டுக்கொண்டு விலகுகிறது. அப்புறம் லண்டனில் கடற்படைத் தலைவர் டட்லி பவுண்ட் கொதிக்கிறார். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸின் கேப்டன் ஜான் லீச்சையும், பிஸ்மார்க்கைப் பின்தொடர்ந்த குரூசர் கப்பல்களின் தலைவர் ரியர் அட்மிரல் வேக்-வாக்கரையும் கோர்ட் மார்ஷலில், அதாவது படை நீதிமன்றத்தில், நிறுத்தப் போவதாகத் தொலைபேசியில் சொல்கிறார். பிரிட்டனைச் சுற்றிய கடல்களைக் காத்த ஹோம் ஃப்ளீட் கப்பற்படையின் தளபதி ஜான் டோவியோ, "அப்படிச் செய்தால் பதவியை விட்டுவிட்டு அவர்களுக்காக நானே வாதாடுவேன்" என்கிறார். பவுண்ட் அடங்கிவிடுகிறார்.

நல்ல காட்சிதான். ஆனால் இது எங்கிருந்து வந்தது என்று யாரும் சொல்வதில்லை. பக்கத்து அறையில் நின்று கேட்டதுபோல வசனம் வசனமாகச் சொல்கிறோம்.

இது வந்தது டோவியிடமிருந்து. போர் முடிந்து பல ஆண்டுகள் கழித்து, கடற்படை வரலாற்றாசிரியர் ஸ்டீபன் ரோஸ்கிலுக்கு அவர் எழுதியது. 1970களில் வந்த நூல்கள் வழியாக உலகெங்கும் பரவியது. டோவி எழுதியபோது மறுத்துப் பேச யாரும் உயிரோடு இல்லை. லீச் 1941 டிசம்பரிலேயே போய்விட்டார். பவுண்ட் 1943இலும் வேக்-வாக்கர் 1945இலும் இறந்துவிட்டார்கள். போதாததற்கு, பவுண்டோடு டோவிக்குப் பின்னாளில் வேறு கசப்பும் இருந்தது: 1942 ஜூலையில் ரஷ்யாவுக்குச் சரக்கு கொண்டுபோன பி.க்யூ. 17 என்ற கப்பல் அணியைக் கலைந்துபோகச் சொல்லிப் பவுண்ட் உத்தரவிட்டதை அவர் மன்னிக்கவே இல்லை. ஆகவே ஒரே சாட்சி, அதுவும் மனத்தாங்கல் உள்ள சாட்சி, காலம் கடந்து சொன்னது.

அதனால் பொய் என்று தள்ளிவிடலாமா? கூடாது. இந்தப் பக்கம் சாய்கிறவர்களும் இப்போது பெருகிவருகிறார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

அந்த நாட்களிலேயே எழுதப்பட்ட ஒரு சாட்சி இருக்கிறது. சர்ச்சிலின் தனிச்செயலர் ஜான் கால்வில் நாட்குறிப்பு எழுதிவந்தார். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தொடர்ந்து தாக்காததைப் பற்றிச் சர்ச்சில் பொருமியதை அதில் குறித்திருக்கிறார்: 1914இல் கேபென் என்ற ஜெர்மன் கப்பலை விட்டுவிட்டுப் பிரிட்டிஷ் அட்மிரல் ட்ரூப்ரிட்ஜ் திரும்பியதற்குப் பிறகு இவ்வளவு மோசமானது நடந்ததில்லை என்பது அவர் பேச்சு. இந்த ஒப்புமையை நிதானமாகப் பாருங்கள். ட்ரூப்ரிட்ஜ் 1914 நவம்பரில் கோர்ட் மார்ஷலில் நிறுத்தப்பட்டு விடுதலையானவர். அன்று கடற்படை அமைச்சர் சர்ச்சிலேதான். அந்தப் பெயரை எடுத்தவுடனே கோர்ட் மார்ஷல் நினைப்பும் கூடவே வந்திருக்கும் அல்லவா? கோபம் உண்மை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். ஆனால் தொலைபேசியில் அந்த மிரட்டல் வந்தது என்பதற்கு இது சான்று ஆகாது. இந்த இடைவெளியைத்தான் நாம் வசனம் எழுதி நிரப்பிவிடுகிறோம்.

டோவி 1941 ஜூலையில் அனுப்பிய அதிகாரப்பூர்வ அறிக்கையும் இருக்கிறது. 1947இல் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டில் அச்சானது. மீண்டும் போரில் இறங்காத வேக்-வாக்கரின் முடிவு சரியானதே என்று அதில் அழுத்திச் சொல்கிறார். மேலிடத்தில் யாரோ கேள்வி கேட்டதால்தான் இந்த அழுத்தம் என்று எனக்குப் படுகிறது. கோர்ட் மார்ஷல் என்ற சொல் அதில் இல்லை. இதே அறிக்கை பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் விலகிய நேரத்தை 06:13 என்கிறது. இன்றைய ஆய்வாளர்கள் பலர் 06:03 ஒட்டி என்கிறார்கள். இந்தப் பத்து நிமிடத்தைப் பிடித்துக்கொண்டு, அதிகாரிகளைக் காப்பாற்ற நேரத்தையே மாற்றிவிட்டார்கள் என்கிறது ஒரு கூட்டம். போர்க்களத்தில் எழுதிய நேரங்கள் பிசகுவது வழக்கம். பிசகு இருப்பதாலேயே சதி ஆகிவிடாது.

அந்தச் சில நிமிடங்கள் எப்படி இருந்தன என்பதையும் சொல்லுங்கள். பிஸ்மார்க்கின் குண்டு ஒன்று லீச் நின்ற மேல்தளத்தைத் துளைத்துக்கொண்டு போனது. அவரும் ஓரிருவரும் தவிர அங்கிருந்த எல்லோரும் மடிந்தார்கள், அல்லது படுகாயப்பட்டார்கள். கீழே வரைபட அறையில் இருந்தவர்களுக்கு மேலே நடந்தது தெரியாது. பேச்சுக் குழாய் வழியாக வரைபடத்தின் மேல் ஏதோ சொட்டியது. பார்த்தால் ரத்தம். இதுவும் பிழைத்தவர்களின் நினைவுதான். ஆனால் குண்டு துளைத்த இடமும் இறந்தவர்களின் கணக்கும் அதற்குப் பக்கத்தில் நிற்கின்றன, அதனால் நம்புகிறோம். டோவியின் தொலைபேசிக்குப் பக்கத்தில் அப்படி எதுவும் நிற்கவில்லை.

கப்பலோ புத்தம் புதியது. பீரங்கிக் கோபுரங்களைச் சரிசெய்ய வந்த தொழிலாளர்கள் இன்னும் கப்பலிலேயே இருந்தார்கள். அந்த நிலையிலும் அது பிஸ்மார்க்கை மூன்று முறை அடித்தது. அதில் ஒன்றால் ஏற்பட்ட எண்ணெய்க் கசிவுதான் பிஸ்மார்க்கில் இருந்த ஜெர்மன் அட்மிரல் லுட்யன்ஸைப் பிரான்ஸ் பக்கம் திருப்பியது. லீச் பதவியில் நீடித்தார். அதே ஆண்டு அவருக்கு டி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் வீரப் பதக்கமும் கிடைத்தது. பிறகு அதே கப்பலோடு சிங்கப்பூர் வந்து, டிசம்பர் 10 அன்று மலாயாக் கரைக்கு அப்பால் ஜப்பானிய விமானங்களின் தாக்குதலில் அதோடு மூழ்கினார். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் உள்ள நம் வாசகர்களுக்கு அந்தப் பெயர் அந்நியமல்ல. அவரைக் கோழை என்றோ, சதியில் தப்பியவர் என்றோ ஒரு தலைப்புக்காக எழுதிவிடாதீர்கள்.

கேட்பது சின்ன விஷயம்தான். தொலைபேசிக் காட்சி வரும் இடத்தில் "டோவி பின்னாளில் சொன்னபடி" என்ற மூன்று சொற்களைச் சேருங்கள். பவுண்டின் வாயில் நாமே எழுதிய வசனத்தை எடுத்துவிடுங்கள். கால்வில் குறித்துவைத்ததை அதற்கு முன்னால் வையுங்கள். ஏற்கெனவே போட்டுவிட்ட காணொளி என்றால், கீழே விளக்கப் பகுதியில் ஒரு வரி போதும்.

அன்புடன்,
உங்கள் வாசகன் ஒருவன்