வராத பணத்துக்கும் ஒரு குறுஞ்செய்தி அனுப்புங்கள்

வருங்கால வைப்பு நிதி அதிகாரிகளுக்கு, வணக்கம்.

என் அம்மா கோவையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கிறார். சம்பளம் கொடுப்பது ஆஸ்பத்திரி இல்லை, காண்ட்ராக்டர். சம்பளச் சீட்டில் மாதம் தவறாமல் பி.எஃப். 1,320 என்று பிடித்திருக்கும். அடிப்படைச் சம்பளம் 11,000, அதில் 12 சதவீதம், கணக்கெல்லாம் சரிதான். தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது சும்மா அவர் பாஸ்புக்கைத் திறந்து பார்த்தால் 14 மாதமாக ஒரு பைசா ஏறவில்லை. அந்தச் சீட்டுகளையெல்லாம் அம்மா ரேஷன் கார்டு இருக்கிற பிளாஸ்டிக் கவரில் மடித்துப் பத்திரமாக வைத்திருக்கிறார்! காண்ட்ராக்டரைக் கேட்டால் "பில் பாஸ் ஆகலம்மா" என்கிறார்.

பிடித்த பணத்தை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும், கட்டாமல் கையில் வைத்திருப்பது நம்பிக்கை மோசடி, காண்ட்ராக்டர் கட்டாவிட்டால் வேலை வாங்கும் நிறுவனமே கட்ட வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விசாரிக்கவும் வங்கிக் கணக்கை முடக்கவும் உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது.

ஆதாரில் இனிஷியல், பி.எஃப்.-இல் அப்பா பெயர் முழுசாக என்று இருந்தால் பணம் எடுக்கப் போடும் க்ளெய்ம் திரும்பிவிடும். இனிஷியல் போட்டே பழகிய நம்ம ஊரில் இது பாதிப் பேருக்கு உள்ள தலைவலி. ஒரு எழுத்து மாறினாலே கண்டுபிடிக்கிற கணினிக்கு, போன மாதம் வரை நாற்பது பேருக்குக் கட்டிய ஆள் இந்த மாதம் ஒருவருக்கும் கட்டவில்லை என்பது தெரியாமலா போகும்?

புகார் கொடுக்கச் சொல்வீர்கள். கொடுத்தவர் யாரென்று காண்ட்ராக்டருக்குத் தெரிந்தால் மறுநாளே நைட் ஷிஃப்ட், அப்புறம் "நாளைக்கு வர வேண்டாம்". அதனால்தான் அம்மா இன்னும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் நஷ்டம் பிடித்த பணத்தோடு முடிவதில்லை. முதலாளி பங்கிலிருந்து சம்பளத்தின் 8.33 சதவீதம் ஓய்வூதியத்துக்குப் போகிறது, அதை வாங்க பத்து வருஷ சேவை கணக்கில் இருக்க வேண்டும். விடுபட்ட மாதங்களுக்காக அவர் எந்த அலுவலகத்தில் போய் நிற்பார்?

பணம் ஏறினால் குறுஞ்செய்தி அனுப்புகிறீர்கள். ஏறாத மாதமும் ஒன்று அனுப்புங்கள், தமிழில். புகார் கொடுப்பவர் பெயர் வெளியே போகக் கூடாது. மாதாமாதம் 27-ஆம் தேதி மாவட்டங்களில் நடத்தும் முகாமுக்கு 'நிதி ஆப்கே நிகட்' என்று இந்தியில் பெயர் வைத்தால் துடைப்பத்தோடு நிற்கிறவருக்கு என்ன புரியும்? அதை ஆஸ்பத்திரி, மில் வாசல்களில், ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் நடத்திப் பாருங்கள்.

இந்த மாதச் சீட்டும் வந்துவிட்டது. 1,320 பிடித்திருக்கிறது.