தண்டனையை நிறுத்திவைக்கும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் கீழான வழக்குகளின் மேல்முறையீடுகளை விசாரிக்கும் மாண்பமை நீதியரசர்களுக்கும், அங்கே அரசுத் தரப்பில் ஆஜராகும் வழக்கறிஞர்களுக்கும்,

வணக்கம்.

நீலகிரியில் பாதிக்கப்பட்ட பிள்ளைகளோடு நீதிமன்றத்துக்குக் கூடவே போய்வரும் ஆதரவு நபர்களில் ஒருத்தி நான். சட்டம் என்ன சொல்கிறது என்று உங்களுக்கு எடுத்துச் சொல்லும் தகுதி எனக்கில்லை. கேட்க ஒன்றுதான் இருக்கிறது. பிள்ளையிடம் பாலியல் குற்றம் செய்ததாகத் தண்டிக்கப்பட்ட ஒருவரின் தண்டனையை மேல்முறையீடு முடியும்வரை நிறுத்திவைத்து ஜாமீனில் அனுப்பும் முன், அந்தப் பிள்ளையின் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். அவர்கள் சொல்வதையும் கேளுங்கள்.

ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், அண்மையில் ஒன்று நடந்தது. ஊர், எஸ்டேட், வழக்கு எண் எதையும் சொல்ல மாட்டேன். பிள்ளையின் அடையாளம் வெளியே போகக்கூடாது என்பது சட்டம். நாங்களாவது அதைக் காப்பாற்றுகிறோம்.

அம்மா கொழுந்து பறிக்கிறவர். பிள்ளை தொடக்கப் பள்ளியில் படித்தபோது நடந்த கொடுமை அது. விசாரணை முடிந்து, அதைச் செய்தவனுக்கு நீண்ட சிறைத் தண்டனை கிடைத்தது. எல்லாம் முடிந்தது என்று அந்த அம்மாவும் மறுநாளே கூடையை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். சில மாதங்கள் கழித்து ஒரு காலை, பிள்ளையைப் பள்ளிக்கு ஏற்றிவிட பஸ் ஸ்டாப்புக்கு வந்தால் அங்கே அவன் நிற்கிறான். பிள்ளையை இழுத்துக்கொண்டு எஸ்டேட் குடியிருப்பிலுள்ள லைன் வீட்டுக்கு ஓடி, உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எனக்குப் போன் செய்தார். "மேடம், அவன் ஜெயில்லருந்து தப்பிச்சு வந்துட்டான், போலீஸுக்குச் சொல்லுங்க" என்றார்.

அவன் தப்பி வரவில்லை. மேல்முறையீடு போட்டிருக்கிறான், தண்டனை நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது, ஜாமீன்தாரர் கொடுத்து முறைப்படி வந்திருக்கிறான். இதைத் தெரிந்துகொள்ளவே எனக்குப் பல நாட்கள் ஆயின. கேட்ட இடமெல்லாம் "அது மேலே நடப்பது, எங்களுக்குத் தகவல் இல்லை" என்றார்கள். 2020ஆம் ஆண்டு போக்சோ விதிகளில் 4ஆம் விதியைப் படித்துப் பாருங்கள். குற்றவாளி சிறையில் இருக்கிறாரா, ஜாமீனில் போனாரா, விடுதலையானாரா என்பதைக் காவல்துறை குழந்தைக்கும் பெற்றோருக்கும் சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறது. தீர்ப்பு வந்ததோடு அந்தக் கடமை தீர்ந்துவிட்டது போல நடந்துகொள்கிறார்கள்.

அந்த எஸ்டேட்டுக்குக் காலையில் ஒரே பஸ்தான். அதை விட்டால் ஜீப், அதற்குக் கொடுக்க வீட்டில் காசில்லை. தேயிலைக் காட்டு வழியே நடக்கலாம் என்றால் யானையும் கரடியும். அதே பஸ்ஸில்தான் அவனும் டவுனுக்கு வேலைக்குப் போகிறான். முன்பக்கம் பெண்கள் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்து பிள்ளை சில நாள் போனாள். பிறகு வயிற்று வலி என்றாள். பிறகு பள்ளிக்கே போகவில்லை. இப்போது சமவெளியில் ஒரு விடுதியில் சேர்த்திருக்கிறார்கள். குற்றம் செய்தவன் சொந்த ஊரில் இருக்கிறான். ஊரை விட்டுப் போனது பிள்ளை.

சாட்சி சொல்லும்போது குழந்தை குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்க்க நேரக்கூடாது என்கிறது போக்சோ சட்டத்தின் 36ஆம் பிரிவு. அதற்காக நீதிமன்றத்தில் திரை போட்டார்கள், நல்லதுதான். பஸ்ஸில் யார் திரை போடுவது?

புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 430ஆம் பிரிவின்படி, பத்தாண்டுக்குக் குறையாத தண்டனைக்குரிய குற்றமென்றால், தண்டனை பெற்றவரை வெளியே விடும் முன் அரசு வழக்கறிஞருக்கு எதிர்ப்புச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். அவர் என்ன சொல்வார்? கோப்பில் இருப்பதைச் சொல்வார். ஒரே பஸ் என்பது எந்தக் கோப்பிலும் இருக்காது. அந்த அம்மாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். மேல்முறையீடு முடியும்வரை அந்தத் தாலுகாவுக்குள் வரக்கூடாது என்று நிபந்தனையில் ஒரு வரி சேர்ந்திருக்கும். அவனும் வெளியே வந்திருப்பான், பிள்ளையின் படிப்பும் நின்றிருக்காது. வழக்கு விசாரணைக்கு முந்தைய ஜாமீனுக்கு, 16 வயதுக்குட்பட்ட பெண் குழந்தை மீதான பாலியல் வன்கொடுமை வழக்கில் புகார்தாரரோ அவர் சார்பில் ஒருவரோ இருந்தாக வேண்டும் என்று அதே சட்டத்தின் 483ஆம் பிரிவு சொல்கிறது. குற்றம் நிரூபணமான பிறகு அந்தக் கட்டாயம் ஏன் இல்லாமல் போகிறது என்பது எங்களுக்கு விளங்கவில்லை. பாதிக்கப்பட்டவருக்குப் புலன் விசாரணை முதல் மேல்முறையீடு முடியும்வரை ஒவ்வொரு கட்டத்திலும் பேச உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2022இல் ஜக்ஜீத் சிங் வழக்கில் சொன்னது. நடக்கிறது என்றே தெரியாதவர் எங்கே போய்ப் பேசுவார்?

மேல்முறையீடே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கீழ் நீதிமன்றம் தவறலாம், நிரபராதி உள்ளே போகலாம், சாட்சியத்தை மறுபடி வரிவரியாக எடைபோடுவது உங்கள் கடமை. ஆனால் பிள்ளையின் முகத்தைப் பார்த்தது விசாரணை நீதிபதி. உங்கள் முன் இருப்பவை தட்டச்சுப் பக்கங்கள். ஒரு பிள்ளை கேள்விக்குப் பதில் சொல்லாமல் எவ்வளவு நேரம் தரையையே பார்த்தாள் என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அது காகிதத்தில் ஏறும்போது வெறும் "பதில் இல்லை" ஆகிவிடுகிறது.

இது என் கற்பனை இல்லை. ராஜஸ்தானில் 1986இல் ஒரு சிறுமிக்கு நடந்த கொடுமையில், கூண்டில் அவள் பேசவில்லை, கண்ணீர் மட்டும் விட்டாள். மற்ற சாட்சியங்களை வைத்து விசாரணை நீதிமன்றம் 1987இல் ஏழு ஆண்டு தண்டித்தது. அந்த மாநில உயர் நீதிமன்றம் மேல்முறையீட்டில் தீர்ப்புச் சொன்னது 2013இல். அவளது மௌனத்தையும் காரணமாக்கி, விடுதலை. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம்தான் அந்த விடுதலையை ரத்து செய்து, குழந்தையின் மௌனம் குற்றவாளிக்குச் சாதகமாகாது என்று சொன்னது. உயர் நீதிமன்றத் தீர்ப்பில் சிறுமியின் பெயரே இருந்ததையும் கண்டித்தது. சிறுமியாக அழுதவள் நடுவயதை எட்டியிருப்பாள். உடையின் மேல் தொட்டால் போக்சோ ஆகாது என்று 2021 ஜனவரியில் பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு சொன்னது நினைவிருக்கும். நாடே கொதித்தது, ஒன்றிய அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரலே மேல்முறையீட்டுக்குப் போனார், அதே நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதைத் திருத்தியது. டிவியில் வந்த பிள்ளைக்குப் பத்து மாதம், வராத பிள்ளைக்கு ஏறத்தாழ நாற்பது வருடம்.

காலக்கெடு இல்லாமலும் இல்லை. பாலியல் வன்கொடுமைத் தண்டனைகள் மீதான மேல்முறையீட்டை ஆறு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று 2018இல் சட்டத் திருத்தம் வந்தது. நான் மேலே சொன்ன புதிய நடைமுறைச் சட்டத்தில் 415ஆம் பிரிவிலும் இருக்கிறது. ஆனால் அங்கே பட்டியலிட்டிருப்பது தண்டனைச் சட்டப் பிரிவுகளை மட்டும். போக்சோவின் கீழ் மட்டும் தண்டித்தால் அந்த ஆறு மாதம் எழுத்தில் பொருந்தாது. ஆண் பிள்ளை என்றால் சுத்தம், அந்தப் பட்டியலில் அவனுக்கு இடமே கிடையாது. விசாரணையை ஓராண்டில் முடிக்க முயலச் சொல்லும் போக்சோ, மேல்முறையீடு பற்றி வாயே திறக்கவில்லை.

எங்கள் மலைக்கு வரும் சுற்றுலா வண்டிகளை எண்ண மட்டும் ஏற்பாடு பிரமாதமாக இருக்கிறது. உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல், முன்கூட்டியே பதிந்து வாங்கும் இ-பாஸ். 2025 ஏப்ரலில் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வந்தது. காட்டுக்கும் ரோட்டுக்கும் நல்லது, குறை சொல்லவில்லை. எந்த ஊர்க் கார் எப்போது மலையடிவாரக் கல்லாறு சோதனைச்சாவடியைத் தாண்டியது என்று சொல்லத் தெரிந்த அரசுக்கு, ஒரு பிள்ளையைச் சிதைத்தவன் எப்போது மலையேறினான் என்று மட்டும் தெரியவில்லை. அரசு பஸ்ஸில் வந்திருப்பான், அதற்கு இ-பாஸ் தேவையில்லை.

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கோ போய்விட்டேன்.

பணிவோடு மறுபடி கேட்கிறேன். தண்டனையை நிறுத்திவைக்கக் கோரும் மனு பட்டியலில் வரும்போது, குடும்பத்துக்குத் தகவல் போனதா என்று அரசு வழக்கறிஞரிடம் கேளுங்கள். போகவில்லை என்றால் ஒரு வாய்தா தள்ளி வையுங்கள். சென்னைக்கு வா என்று அவர்களைக் கூப்பிட வேண்டாம். பந்தலூர் பக்கத்திலிருந்து ஒருவர் மேட்டுப்பாளையம் இறங்கி இரவு நீலகிரி எக்ஸ்பிரஸைப் பிடித்துப் போய்த் திரும்பினால் மூன்று நாள் கூலி போய்விடும். காணொலி வசதி தாலுகா நீதிமன்றம் வரைக்கும் வந்துவிட்டதே. அங்கே உட்காரவைத்துப் பத்து நிமிடம் கேட்டால் போதும். இலவச சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் குழு ஒரு வழக்கறிஞரை அவர்களுக்குத் துணையாக நிறுத்தட்டும். தண்டனையை நிறுத்திவைப்பது என்று நீங்கள் முடிவு செய்தால், அவன் எங்கே தங்குவான், எந்த வழியில் போவான் என்பதையும் உத்தரவில் எழுதுங்கள். சிறைக் கதவு திறக்கும் முன் அந்தத் தகவல் அம்மாவின் போனுக்கு வர வேண்டும். போக்சோ மேல்முறையீடுகளுக்கும் ஆறு மாதக் கெடுவைப் பின்பற்ற நீங்களே வழிசெய்ய முடியும் என்றால், நாடாளுமன்றம் திருத்தும்வரை நாங்கள் காத்திருக்க வேண்டியதில்லை.

நான் சொன்ன அந்த மேல்முறையீடு இன்னும் இறுதி விசாரணைக்கு வரவில்லை. வரும் தேதியையாவது முன்கூட்டியே அந்த அம்மாவுக்குச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் ஆதரவு நபர்,
நீலகிரி மாவட்டம்.