“பாசிதானே ரீச்சர்!”

ஆசிரியர் அவர்களுக்கு,

சுற்றுலாக் காலம் வந்தால் களுவாஞ்சிகுடி, கல்முனைப் பக்கத்துப் பாடசாலை பஸ்கள் பிபிலை, பசறை, பதுளை என்று மலையேறிவிடுகின்றன. இம்முறை பேரனின் வகுப்புக்குத் துணையாக நானும் ஹோட்டன் சமவெளிக்குப் போனேன். வாசலில் பைகளைத் திறந்து பொலித்தீன் இருக்கிறதா என்று பார்த்தார்கள், நல்ல காரியம். உள்ளே போனதும் ஒரு மாணவன் வீட்டுச் சாவியால் பாறையில் தன் பெயரின் முதலெழுத்தைச் சுரண்டினான். கூட வந்த ஆசிரியர் அதைப் படமும் எடுத்துக் கொடுத்தார். நான் சத்தம் போட்டபோது, “பாசிதானே ரீச்சர், மழைக்குத் திரும்ப வரும்” என்றார்.

சாம்பல் பச்சை நிறத்தில், ஓரம் சற்றே வெளுத்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டியிருந்த லைக்கன் அது, பாசியல்ல. பங்கசு என்ற பூஞ்சணமும், ஒளித்தொகுப்புச் செய்யும் அல்கா என்ற நுண்ணுயிரும் கூடி வாழ்கிற உயிர். நம் தென்னைகளில் தேமல் போலத் தெரிகிறதே, அதன் இனம்தான். பாறையோடு ஒட்டி வளரும் லைக்கன்கள் பல, ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றர்கூட விரிவதில்லை. பையன் சுரண்டியது அவனுடைய பாட்டனைவிட மூத்ததாக இருந்திருக்கலாம்.

மழைக்குத் திரும்ப வரும் என்பதும், உலகம் வெப்பமாகிவரும் இந்நாளில், இனி அவ்வளவு எளிதல்ல. லைக்கனுக்கும் பாசிக்கும் உண்மையான வேர் கிடையாது. ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்தில் தவழும் மூடுபனியையும் மழையையும் உடம்பாலேயே குடிக்கின்றன. காய்ந்தால் சுருண்டு கிடக்கும், நனைந்தால் சில நிமிடங்களில் விழித்துக்கொள்ளும். வெறும் வறட்சியை அவை தாங்கும். நனைந்த உடம்போடு வெப்பமான இரவைக் கழிப்பதுதான் லைக்கனுக்கு ஆகாது. பகலில் ஒளித்தொகுப்பால் சேர்த்ததை இரவில் சுவாசித்தே தீர்த்துவிடும். குளிர்ந்த இடம் தேடி மேலே போகலாம் என்றால், அங்குள்ள உயர்ந்த சிகரமான கிரிகல்பொத்தையே 2,389 மீற்றர்தான். இன்னொன்று, ஐரோப்பிய மலைகளிலும் வடதுருவத்தை அண்டிய நிலங்களிலும் வெப்பம் கூடக் கூடப் புல்லும் புதரும் உயர்ந்து, அந்த நிழலில் லைக்கன்கள் குறைவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். பத்தனை என்று நாம் சொல்லும் மலைப் புல்வெளிக்குள்ளோ யூலெக்ஸ் என்ற அந்நிய முட்புதர் ஏற்கெனவே புகுந்துவிட்டது.

மட்டக்களப்பாருக்கு இதில் என்ன என்று கேட்கலாம். வெருகல் ஆறு மகாவலியின் கிளை. மகாவலிக்குப் போகும் நீரில் ஒரு பங்கு அந்தச் சமவெளியில்தான் ஊறுகிறது. அதற்காகப் பாசி போனால் வெருகல் வற்றிவிடும் என்று பயமுறுத்த மாட்டேன். அப்படிப் பேச வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

சுற்றுலாவுக்கு அனுமதி கொடுக்கும் வலயக் கல்வி அலுவலகங்கள், பாதையைவிட்டு இறங்கக்கூடாது, பாறையைச் சுரண்டக்கூடாது, பாசியைப் பெயர்த்தெடுக்கக்கூடாது என்று அந்தக் கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும். ஆய்வுகூட அலுமாரிகளில் தூசி படிந்து கிடக்கும் கைவில்லைகளில் நான்கைந்தை எடுத்துச் செல்லச் சொல்வதும் நல்லது. பாசியின் மயிரிழைக் காம்பு நுனியில் நிற்கும் வித்திப்பையை மாணவர்கள் கண்ணாலேயே பார்க்கலாம். நம் பஸ்கள் போய்ச் சேரும் நேரத்தில் ‘உலக முடிவு’ என்ற அந்தச் செங்குத்துப் பாறை விளிம்பில் எப்படியும் மூடுபனியைத் தவிர வேறொன்றும் தெரிவதில்லை.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியை,
களுவாஞ்சிகுடி.