ஏஜென்ட் போடாமல் விஎம் பேக்கப்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. புது வேலை பிடித்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. உன் பொறுப்பில் இருக்கும் 40 விஎம்களுக்கும் (மெய்நிகர் கணினிகளுக்கும்) உள்ளே எந்த ஏஜென்ட்டும் (பேக்கப்புக்கான துணை மென்பொருள்) போடாமல் பேக்கப் எடுக்க வேண்டும், செட்டிங்ஸில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். சுருக்கமாகச் சொல்லக்கூடிய விஷயம் இல்லை, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஏஜென்ட் இல்லை என்றால் பேக்கப் மென்பொருளுக்கு உன் சர்வருக்குள் கண் கிடையாது. அதற்குத் தெரிவதெல்லாம் டிஸ்க்கும் அதிலுள்ள பிளாக்குகளும்தான். அந்த பிளாக்கில் இருப்பது சம்பளக் கணக்கா, தூக்கிப்போட வேண்டிய டெம்ப் ஃபைலா என்று அது பார்ப்பதில்லை. ஜாப் பச்சையாக முடிந்துவிடும். ஆனால் ரீஸ்டோர் செய்த டேட்டாபேஸ் ஒழுங்காக எழுந்து நிற்குமா என்பது வேறு கேள்வி. நீ செய்யப்போகும் செட்டிங்ஸ் வேலை முழுக்க அந்த இரண்டாவது கேள்விக்காகத்தான்.

உன்னிடம் பெரும்பாலும் விஸ்பியர் (விஎம்களை ஓட்டும் விஎம்வேரின் மென்பொருள்) என்பதால் அதிலிருந்து தொடங்குகிறேன். 2009இல் விஸ்பியர் 4உடன் வந்த பேக்கப் ஏபிஐ (மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் இடைமுகம்) வழியாகத்தான் பெரும்பாலான பேக்கப் மென்பொருள்கள் வேலை செய்கின்றன: ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கின் அந்தக் கண நிலை) எடு, உறைந்த டிஸ்க்கைப் படி, ஸ்னாப்ஷாட்டை அழி. இலவச உரிமத்தில் ஓடும் ஈஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்டில் (விஎம்களைத் தாங்கி ஓட்டும் விஎம்வேர் சர்வரில்) இந்த ஏபிஐ கிடைக்காது. மூலையில் அப்படி ஒரு ஹோஸ்ட் இருந்தால் அதை இந்தத் திட்டத்திலேயே சேர்க்காதே. பேக்கப்புக்கென்று தனி அக்கவுண்ட் போடு; அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமை வேண்டாம். ஸ்னாப்ஷாட் எடுக்க, அழிக்க, டிஸ்க் மாற்றக் கண்காணிப்பை இயக்க, டிஸ்க்கைப் படிக்க, விஎம்மைப் பதிவிறக்க என்று அனுமதிகளைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து ஒரு ரோல் செய். ரீஸ்டோருக்கு விஎம் உருவாக்கும் உரிமைகளும் வேண்டும். அதை இன்னொரு ரோலாக வைத்தால், தினமும் ஓடும் அக்கவுண்ட்டின் பாஸ்வேர்டு கசிந்தாலும் சேதம் குறைவு.

டேட்டா எந்த வழியாக வெளியே வரும் என்பதை ஆட்டோமேட்டிக் என்று விட்டுவிடாதே. மூன்று வழிகள் உண்டு. என்பிடி என்பது நெட்வொர்க் வழி. ஹோஸ்டின் 902 போர்ட் திறந்திருக்க வேண்டும், தொந்தரவு மிகக் குறைவு. ஹாட்-ஆட் என்பது ப்ராக்ஸி விஎம் (பேக்கப் வேலைக்கென்றே வைத்த விஎம்) ஒன்று, பேக்கப் எடுக்க வேண்டிய டிஸ்க்கைத் தன்மேல் மாட்டிக்கொண்டு படிப்பது. வேகமானது, ஆனால் ஜாப் பாதியில் செத்தால் அந்த டிஸ்க் ப்ராக்ஸியிலேயே தொங்கிக்கொண்டு இருக்கும். பிறகு ஸ்னாப்ஷாட் அழியாது, லாக் ஆகியிருக்கிறது என்று எரர் வரும். முதலில் ப்ராக்ஸியின் செட்டிங்ஸைத் திறந்து அந்நிய டிஸ்க் இருக்கிறதா என்று பார். இருந்தால் கழற்று, ஆனால் 'டேட்டாஸ்டோரிலிருந்தும் அழி' (டேட்டாஸ்டோர் என்பது விஎம் ஃபைல்கள் இருக்கும் சேமிப்பிடம்) என்ற கட்டத்தை மட்டும் தொட்டுவிடாதே, அது உன் புரொடக்ஷன் டிஸ்க். உன் டேட்டாஸ்டோர் என்எஃப்எஸ் 3 (நெட்வொர்க் வழி ஃபைல் பகிர்வு) என்றால் இன்னொரு சிக்கல்: ப்ராக்ஸி ஒரு ஹோஸ்டிலும் விஎம் வேறு ஹோஸ்டிலும் இருந்தால், டிஸ்க்கைக் கழற்றும்போது விஎம் சுமார் 30 விநாடி அசைவற்று நிற்கலாம். கிளஸ்டர் ஹார்ட்பீட் (உயிரோடு இருப்பதை மற்ற சர்வர்களுக்குச் சொல்லும் துடிப்பு) வைத்திருக்கும் சர்வருக்கு அது போதும் விழுவதற்கு. அங்கே என்பிடியே நல்லது. மூன்றாவது, ஃபிசிக்கல் ப்ராக்ஸியிலிருந்து நேரே சான் (சேமிப்புக்கான தனி நெட்வொர்க்) வழி. அந்த ப்ராக்ஸி விண்டோஸ் என்றால், லன்களை (சான் தரும் டிஸ்க்குகளை) அதற்குக் காட்டுவதற்கு முன்பே டிஸ்க்பார்ட்டில் சான் பாலிசியை ஆஃப்லைன் ஷேர்டு என்று வை. இல்லாவிட்டால் யாராவது 'இந்த டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யவா' என்ற கேள்விக்கு ஆம் என்று அழுத்த, ஒரு டேட்டாஸ்டோரே போய்விடும்.

தினசரி பேக்கப் சீக்கிரம் முடிவதற்குக் காரணம் சிபிடி, அதாவது போன தடவைக்குப் பிறகு மாறிய பிளாக்குகளின் கணக்கு. ஒரு கணக்குப் போட்டுப் பார். 400 ஜிபி விஎம், ஒரு கிகாபிட் லைனில் விநாடிக்கு 110 எம்பி வருகிறது என்று வைத்தால், முழுதாக எடுக்க ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூட. ஒரு நாளில் 4 சதவீதம் மாறினால் 16 ஜிபி, இரண்டரை நிமிஷம். விஎம்மின் ஹார்ட்வேர் வெர்ஷன் 7 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். ஏற்கெனவே பழைய ஸ்னாப்ஷாட் ஏதாவது இருக்கும்போது சிபிடியை இயக்கினால் அது வேலைக்கு வராது. முதலில் அதை அழி. விஎம்மை ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பினாலோ, ஹோஸ்ட் திடீரென்று கரண்ட் போய் விழுந்தாலோ கணக்கு செல்லாமல் போய், அன்றைய ஜாப் முழு டிஸ்க்கையும் படிக்கும். அது கோளாறு இல்லை, பயப்படாதே. எனக்குக் கவலை தருவது எதிர்ப்பக்கம்: கணக்கு தப்பாக இருந்தும் ஜாப் வெற்றி என்று சொல்வது. பழைய 4, 5 ஈஎஸ்எக்ஸ்ஐ வெர்ஷன்களில், சிபிடி இயங்கும்போதே டிஸ்க்கை 128 ஜிபிக்கு மேல் பெரிதாக்கினால் தவறான பட்டியல் வந்த பிழை எல்லோருக்கும் தெரிந்தது. அதனால்தான் டிஸ்க் அளவை மாற்றும்போதெல்லாம் சிபிடியை ரீசெட் செய்து ஒரு முழு பேக்கப் எடுக்கச் சொல்கிறேன். ஆஃப் செய், ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்து அழி, மறுபடி ஆன் செய். விஎம்மை நிறுத்தத் தேவையில்லை.

இனி குவயஸ், அதாவது ஸ்னாப்ஷாட்டுக்கு முன் அப்ளிகேஷன்களின் எழுத்தை ஒழுங்காக நிறுத்திவைப்பது. நேரத்தை இங்கேதான் செலவழிக்க வேண்டும். எதுவும் செய்யாமல் எடுத்த ஸ்னாப்ஷாட், பிளக்கைப் பிடுங்கியது போன்ற நிலையில் இருக்கும். வெப் சர்வர், ஃபைல் சர்வருக்கு அது பெரும்பாலும் போதும். டேட்டாபேஸ், டொமைன் கண்ட்ரோலர் (லாகின்களைச் சரிபார்க்கும் சர்வர்), மெயில் சர்வர் இவற்றுக்கு குவயஸ் கட்டாயம். விண்டோஸில் விஎம்வேர் டூல்ஸ்தான் (விஎம்முக்குள் நிறுவும் விஎம்வேரின் துணை மென்பொருள்) உள்ளே விஎஸ்எஸ்ஸை, அதாவது விண்டோஸின் ஸ்னாப்ஷாட் சேவையைத் தட்டி எழுப்பும். ஏஜென்ட் இல்லை என்று சொன்னாலும் டூல்ஸ் இல்லாமல் இது நடக்காது, அதன் வெர்ஷனையும் ஓட்டத்தையும் பேக்கப்பின் பகுதியாகவே நினை. அப்ளிகேஷன் அளவில் குவயஸ் ஆக, விஎம்மின் செட்டிங்ஸ் ஃபைலான விஎம்எக்ஸில் டிஸ்க்.எனேபிள்யுயுஐடி ட்ரூ என்று இருக்க வேண்டும். வேறு எங்கிருந்தோ கொண்டுவந்த பழைய விஎம்களில் இது இருக்காது. எல்லா டிஸ்க்கும் ஸ்கஸி வகையாக இருக்க வேண்டும், எத்தனை டிஸ்க்கோ அத்தனை ஸ்கஸி ஸ்லாட் காலியாகவும் இருக்க வேண்டும்.

'குவயஸ் செய்யும்போது பிழை' என்று வந்தால் விஎம்முக்குள் போய் விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ரைட்டர்ஸ் என்று அடி. ஒவ்வொரு ரைட்டருக்கும் (விஎஸ்எஸ்ஸுக்காகத் தன் டேட்டாவைத் தயார் செய்யும் அப்ளிகேஷன் பகுதி) ஸ்டேட் என்றொரு வரி, அதன் கீழ் லாஸ்ட் எரர் என்றொரு வரி இருக்கும். எல்லாம் ஸ்டேபிள், நோ எரர் என்று இருக்க, ஒன்று மட்டும் ஃபெயில்டு, டைம்டு அவுட் என்று நிற்கும். அந்த ரைட்டருக்குரிய சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் போதும், முழு சர்வரை வேண்டாம். அடிக்கடி இப்படி ஆனால் காரணம் பெரும்பாலும் டிஸ்க் நெரிசல்தான். ரைட்டர்கள் மூச்சைப் பிடித்து நிற்பதற்கு 60 விநாடிதான் அனுமதி, அதிலும் டிஸ்க் எழுத்தை உண்மையில் நிறுத்தி வைப்பது 10 விநாடி. அதே நேரத்தில் ஆன்டிவைரஸ் முழு ஸ்கேன் ஓடினால் எப்படித் தாங்கும்? ஜாப் நேரத்தை நகர்த்து.

எஸ்க்யூஎல் சர்வர் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். ஃபுல் ரிக்கவரி மாடலில் (எல்லா மாற்றத்தையும் லாகில் வைத்திருக்கும் முறையில்) இருந்தால் டூல்ஸ் குவயஸ் லாகை வெட்டாது, அது வளர்ந்துகொண்டே போய் டிஸ்க்கை நிரப்பும். லாக் பேக்கப்பைத் தனியாக ஓட்டு. டேட்டாபேஸ்காரர் தன் பங்குக்கு டிஃபரன்ஷியல் (முழு பேக்கப்புக்குப் பின் மாறியவை மட்டும்) எடுக்கிறார் என்றால், உன் பேக்கப் மென்பொருளில் காப்பி-ஒன்லி என்று தேர்வு செய். இல்லாவிட்டால் உன் பேக்கப்பே அவருடைய டிஃபரன்ஷியலுக்கு அடித்தளமாகிவிடும், அவரிடம் இருக்கும் முழு பேக்கப்புடன் அது ஒட்டாது. அவருக்குத் தெரியாமல் இதைச் செய்துவிடாதே.

லினக்ஸில் யுஎஸ்ஆர்-எஸ்பின் டைரக்டரியில் ப்ரீ-ஃப்ரீஸ்-ஸ்கிரிப்ட், போஸ்ட்-தா-ஸ்கிரிப்ட் என்று இரண்டு வைத்தால் டூல்ஸ் ஸ்னாப்ஷாட்டுக்கு முன்னும் பின்னும் ஓட்டும். ரூட் சொந்தமாக, இயக்க அனுமதியோடு இருக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல்லுக்குப் பலர் எழுதும் ஸ்கிரிப்ட் தப்பு. 'எல்லா டேபிளையும் ஃப்ளஷ் செய்து ரீட் லாக் போடு' என்ற கட்டளையை ஒரே வரியில் கொடுத்து கிளையன்ட் வெளியே வந்துவிடும். அந்த செஷன் முடிந்த கணமே லாக்கும் விட்டுப்போகும், ஸ்னாப்ஷாட் எடுக்கும்போது எந்த லாக்கும் இல்லை. செஷனைப் பின்னணியில் உயிரோடு வைத்து, அதன் பிராசஸ் எண்ணை ஒரு ஃபைலில் எழுதி, போஸ்ட்-தாவில் அதைக் கொல்ல வேண்டும். இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு எஞ்சின்) மட்டும் என்றால் இவ்வளவு பாடு வேண்டியதில்லை, விழுந்து எழுந்த நிலையிலிருந்து தானே சரியாகிக்கொள்ளும். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸும் அப்படியே, ஆனால் டேட்டாவும் வால் ஃபைல்களும் (மாற்றங்களை முதலில் எழுதும் லாக்) ஒரே கணத்தில் ஸ்னாப்ஷாட் ஆனால் மட்டும்.

அந்த நிபந்தனையில்தான் சிக்கல் ஒளிந்திருக்கிறது. இன்டிபென்டென்ட் என்று குறித்த டிஸ்க் ஸ்னாப்ஷாட்டில் சேராது, அதனால் பேக்கப்பிலும் சேராது. எப்போதோ யாரோ ஒரு காரணத்துக்காகக் குறித்திருப்பார்கள். ஜாப் ஒரு மஞ்சள் எச்சரிக்கையோடு கடந்து போகும், சில சமயம் அதுவும் இருக்காது. 40 விஎம்மிலும் டிஸ்க் மோடு என்னவென்று ஒரு பட்டியல் எடு. ஃபிசிக்கல் மோடில் இருக்கும் ஆர்டிஎம் (விஎம்முக்கு நேரே கொடுத்த லன்), பஸ்-ஷேரிங் போட்ட (பல விஎம்கள் பகிரும்) கிளஸ்டர் டிஸ்க், பிசிஐ பாஸ்த்ரூ (ஹோஸ்டின் கார்டை நேரே) கொடுத்த விஎம் இவற்றுக்கும் இந்த வழி உதவாது. அவற்றுக்கு உள்ளே ஏஜென்ட் போட்டுத்தான் ஆக வேண்டும், அதில் கௌரவம் பார்க்காதே. பேஜ்ஃபைலுக்கும் டெம்ப்புக்கும் தனி டிஸ்க் கொடுத்து அதை வேண்டுமென்றே விலக்குவது நல்ல பழக்கம். ஆனால் எங்காவது எழுதி வை, ரீஸ்டோர் செய்பவர் அந்த டிஸ்க்கைக் காணாமல் தேடுவார்.

ஜாப் முடிந்த பிறகும் பார்வை வேண்டும். ஸ்னாப்ஷாட் இருக்கும்வரை புது எழுத்தெல்லாம் டெல்டா ஃபைலில் சேரும், அழிக்கும்போது மூல டிஸ்க்கில் கலக்கும். சர்வர் எழுதுவதில் மும்முரமாக இருந்தால் கலப்பதற்கே வெகுநேரம் ஆகும், கடைசியில் ஒரு கணம் விஎம் நிற்கும். ஸ்னாப்ஷாட் மேனேஜரில் ஒன்றும் காட்டாமலே டெல்டா மிஞ்சியிருக்கலாம். டேட்டாஸ்டோர் ஃபோல்டரில் 000001, 000002 என்று முடியும் விஎம்டிகே ஃபைல்கள் இருக்கிறதா என்று பார், இருந்தால் கன்சாலிடேட் கொடு. டேட்டாஸ்டோரில் 15 முதல் 20 சதவீதம் காலியாக வைப்பேன் நான். ஒரே டேட்டாஸ்டோரில் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று ஸ்னாப்ஷாட்டுக்கு மேல் விடமாட்டேன்.

உன்னிடம் இருக்கும் சில ஹைப்பர்-வி (மைக்ரோசாஃப்டின் விஎம் தளம்) சர்வர்களைப் பற்றி: விண்டோஸ் சர்வர் 2016இலிருந்து மாற்றக் கணக்கு அதற்கே உண்டு, ஆனால் விஎம்மின் கான்ஃபிகரேஷன் வெர்ஷன் 8.0 ஆவது வேண்டும். வெர்ஷனை உயர்த்தினால் திரும்ப இறக்க முடியாது, பழைய ஹோஸ்டுக்கு நகர்த்தவும் முடியாது. இன்டகிரேஷன் சர்வீஸில் பேக்கப் டிக் ஆகியிருக்கட்டும். இன்னொரு விஎம் தளமான பிராக்ஸ்மாக்ஸில் ஒவ்வொரு டிஸ்க்குக்கும் பேக்கப் என்றொரு கட்டம் உண்டு, அதில் டிக் இல்லாவிட்டால் அந்த டிஸ்க் சத்தமில்லாமல் விடுபடும். அங்கே டூல்ஸின் இடத்தில் இருக்கும் கெஸ்ட் ஏஜென்ட்டை உள்ளே நிறுவினால் மட்டும் போதாது; விஎம் ஆப்ஷனிலும் இயக்கி, முழுதாக நிறுத்தி ஏற்ற வேண்டும். பேக்கப் சேமிப்பு மெதுவாக இருந்தால் ஓடும் விஎம்மே இழுபடும், ஏனென்றால் பழைய பிளாக் போய்ச் சேரும்வரை புது எழுத்து காத்திருக்கும். 8.2இல் வந்த ஃப்ளீஸிங்கை (பழைய பிளாக்கைத் தற்காலிகமாக வேறு டிஸ்க்கில் வைக்கும் வசதியை) வேகமான உள் டிஸ்க்கில் இயக்கினால் அது தீரும்.

ரீஸ்டோர் சோதனையை எந்த அப்லிங்கும் (வெளி நெட்வொர்க் இணைப்பும்) இல்லாத போர்ட் குரூப்பில் (விஎம்களுக்கான மெய்நிகர் நெட்வொர்க்கில்) செய். விஎம் பூட் ஆனதோடு விடாமல் டேட்டாபேஸைத் திறந்து நேற்றைய கடைசிப் பதிவு இருக்கிறதா என்று பார். பேக்கப் சர்வரை அதே டொமைனில் சேர்க்காதே. டொமைன் விழுந்த நாளில்தான் அதற்குள் நுழைய வேண்டியிருக்கும்.

முதலில் டிஸ்க் மோடு பட்டியலை எடுத்து அனுப்பு. எஸ்க்யூஎல் சர்வரின் ரைட்டர் நிலையையும் சேர்த்து அனுப்பினால் அதைப் பார்த்துவிட்டு ஜாப்களை எப்படிப் பிரிப்பது என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்